ஐடியாவோடு இருபது வரி டேட்டாவும் வரட்டும்

டேட்டா செய்திகளை (எண்களையும் அட்டவணைகளையும் அலசி எழுதுபவை) குழுவாகச் சேர்ந்து செய்ய நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பதில்கள்: ஆசிரியர் குழு.

கேள்வி: நாங்கள் எட்டு பேர். ஐந்து நிருபர்கள், இரண்டு புரோகிராமர்கள், ஒரு டிசைனர். மாதத்தில் ஒரு ஞாயிறு கூடி ஐடியா பேசுகிறோம். எல்லா ஐடியாவும் ‘நல்லா இருக்கு, பண்ணலாம்’ என்றே முடிகிறது. ஆனால் எதுவும் வெளிவருவதில்லை. கூட்டத்தை எப்படி நடத்துவது? (வாசகர், மதுரை)

பதில்: வாயால் மட்டும் சொல்லும் ஐடியாவை மறுக்க யாருக்கும் பிடிமானம் கிடைக்காது. ‘சென்னை ஏரிகளைப் பற்றிச் செய்யலாம்’ என்றால் எட்டு பேரும் தலையாட்டத்தான் செய்வார்கள். அதையே குடிநீர் வாரியம் தினமும் வெளியிடும் ஏரி இருப்புப் பட்டியலிலிருந்து இருபது நாள் வரிகளை ஷீட்டில் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, கண்ணன்கோட்டை 500, செம்பரம்பாக்கம் 3,645 என்று மில்லியன் கன அடியில் கொள்ளளவு கண்முன் நிற்கும். உடனே யாராவது கேட்பார்: ‘மொத்தம் 11,757 என்று வைத்துச் சதவீதம் போட்டிருக்கிறீர்கள். கண்ணன்கோட்டை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. 2015ஐ எதை வைத்து வகுத்தீர்கள்?’ இப்படி ஒரு கேள்வி எழுந்தால் கூட்டம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே முதல் விதி: கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒரு பக்கப் படிவமும் இருபது வரி மாதிரி டேட்டாவும் வந்திருக்க வேண்டும். வராத ஐடியாவுக்கு அந்த மாதம் நேரம் கிடையாது. யாருக்காகவும் இதைத் தளர்த்தாதீர்கள். இருபது வரியை எடுக்க உட்காரும்போதுதான் டேட்டா எக்ஸெல்லில் இருக்கிறதா, ஸ்கேன் செய்த பிடிஎஃப்பா, எந்த ஆண்டுகள் இல்லை என்பதெல்லாம் தெரியவரும். தேறாத ஐடியா ஒரு மாலைப் பொழுதோடு முடிந்துவிடும். இல்லாவிட்டால் இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு முடியும்.

கூட்டம் தொண்ணூறு நிமிடம். நான்கு ஐடியாவுக்கு மேல் வேண்டாம். ஓர் ஐடியாவுக்கு இருபது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் படிவத்தை மௌனமாகப் படிக்க வேண்டும். ‘வீட்டிலேயே படித்துவிட்டேன்’ என்பவரும் மறுபடி படிக்கட்டும். அடுத்த மூன்று நிமிடம் ஐடியா கொண்டுவந்தவர் பேசலாம். பத்து நிமிடம் கேள்விகள். கடைசி இரண்டு நிமிடம் முடிவு. மீதிப் பத்து நிமிடத்தில் நடந்துகொண்டிருக்கும் வேலைகளைக் கேட்டறியுங்கள். ஒருவர் கடிகாரம் பார்க்க வேண்டும், இன்னொருவர் குறிப்பெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் தராதீர்கள்.

முடிவு மூன்றில் ஒன்றுதான்: எடுக்கிறோம், சோதிக்கிறோம், விடுகிறோம். ‘சோதிக்கிறோம்’ என்றால் ஒரே ஒரு கேள்வி, ஒரு ஆளின் பெயர், இரண்டு வாரத் தவணை. தவணை முடிந்தும் விடை வராவிட்டால் அது தானாகவே ‘விடுகிறோம்’ பட்டியலுக்குப் போய்விடும். காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள், அடுத்த ஆண்டு அதே ஐடியா வேறொருவர் வழியாகத் திரும்ப வரும்.

எட்டு பேர் கொண்ட குழு ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. எந்த ஐடியாவாக இருந்தாலும் பாரம் கடைசியில் அந்த இரண்டு புரோகிராமர்கள் தலையில்தான் விழும். அவர்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓய்கிறது என்பதை முதலில் கேட்டுவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அந்த ஒரு பக்கப் படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? ஓர் உதாரணத்தோடு சொல்ல முடியுமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: கேள்விக்குறியோடு முடியும் ஒரே வாக்கியம். அதற்கு விடை தரும் டேட்டா எங்கே இருக்கிறது, யார் திரட்டியது, எந்த ஆண்டுகளுக்கு. ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது: பள்ளியா, ஒன்றியமா, மாவட்டமா. எதிர்பார்க்கும் விடை தலைகீழாக வந்தாலும் செய்தி நிற்குமா. நேரில் போய்ப் பேச வேண்டியவர்கள் யார். இந்த டேட்டா வெளியானால் யாருக்காவது பாதிப்பு உண்டா. இவ்வளவு போதும். வரைபடம் எப்படி இருக்கும் என்பதைப் படிவத்தில் எழுதவே விடாதீர்கள். அழகான வரைபடத்தை மனதில் போட்டுவிட்டால் பிறகு டேட்டாவை அதற்குத் தக்கபடி வளைக்கத் தோன்றும்.

நீங்கள் விழுப்புரத்திலிருந்து கேட்டிருப்பதால் உங்கள் ஊரையே உதாரணமாக வைப்போம். ஒருவர் கொண்டுவரும் கேள்வி: ‘அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை எந்த மாவட்டத்தில் அதிகமாகச் சரிந்திருக்கிறது?’ டேட்டா: மத்தியக் கல்வி அமைச்சகம் பள்ளிகளிடமிருந்து ஆண்டுதோறும் திரட்டும் யுடைஸ் பிளஸ். மாதிரி வரிகளில் விழுப்புரம்தான் படுவீழ்ச்சி என்று வருகிறது. தலைப்பே தயாராகிவிட்டது போலத் தோன்றும்.

முதல் ஆட்சேபம் இங்கேயே எழ வேண்டும். 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகவில்லை, மாவட்டத்தின் எல்லைதான் மாறியது. அதே ஆண்டில் திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும், வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32ஆக இருந்த மாவட்டங்கள் இப்போது 38. புது மாவட்டங்களைத் தாய் மாவட்டத்தோடு கூட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். சென்னையை இப்படிக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. 2018இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் பகுதிகளை எடுத்துக்கொண்டு விரிந்தது. வட்டம் அல்லது பள்ளி அளவுக்கு இறங்கித்தான் பார்க்க வேண்டும். கல்வித் துறை எந்த ஆண்டிலிருந்து புது மாவட்டத்தைத் தனி வரியாகக் காட்டுகிறது என்பதையும் அட்டவணையிலேயே பாருங்கள். அது வருவாய்த் துறையின் அரசாணைத் தேதியோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம்: யுடைஸ் பிளஸ் 2022–23 முதல் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பதிகிறது. அதற்கு முன் பள்ளி தரும் மொத்த எண்ணிக்கைதான். இரண்டு பள்ளிகளின் பெயர்ப் பதிவேட்டில் இருந்த பிள்ளை இப்போது ஒரு தடவைதான் எண்ணப்படும். ஆகவே 2021–22க்கும் 2022–23க்கும் இடையே கோடு போட்டு இணைக்கவே கூடாது.

மூன்றாவது, அடிப்படை ஆண்டு. கோவிட் காலத்தில் தனியார் பள்ளியிலிருந்து பல பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு மாறினார்கள். 2021–22ஐ ஆரம்பமாக வைத்தால் பிற்பாடு வரும் சரிவு பெரிதாகத் தெரியும். பிறப்பு எண்ணிக்கையும் குறைந்துவருகிறது. எனவே மொத்தத்தைப் பார்ப்பதைவிட, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் அரசுப் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் நியாயம்.

இருபது நிமிடம் முடிந்தபோது கேள்வி இப்படி மாறியிருக்கும்: ‘2022–23க்குப் பிறகு, தாய் மாவட்ட எல்லையில் பார்த்தால், அரசுப் பள்ளிகளின் பங்கு எங்கே குறைகிறது?’ பழைய கேள்வி அளவுக்குக் கவர்ச்சி இல்லாவிட்டாலும் இதற்கு விடை உண்டு. முடிவு ‘சோதிக்கிறோம்’.

கேள்வி: எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் வாய் திறந்தால் மற்றவர்கள் அடங்கிவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பேசுவதே இல்லை. பேசினாலும் ‘இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகலாம்’ என்கிற மாதிரிதான். உருப்படியான கருத்தை எப்படி வாங்குவது? (வாசகர், திருச்சி)

பதில்: எழுதி வாங்குங்கள். படிவம் வந்ததும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு கருத்து எழுத வேண்டும். கூகுள் டாக்கில் எழுதச் சொன்னால் முதலில் எழுதியவர் பின்னாலேயே எல்லோரும் போவார்கள். கூகுள் ஃபார்மில் வாங்கி, கெடு முடிந்த பிறகு மொத்தமாகத் திறந்து காட்டுங்கள். கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும், மூத்தவர் கடைசியில் பேசட்டும். அவரைத் தனியே சந்தித்துக் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் அவரே மனமுவந்து ஒப்புக்கொள்வார்.

ஒவ்வொரு கருத்தின் தலையிலும் ‘தடை’, ‘சந்தேகம்’, ‘யோசனை’ என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். தடை என்றால் அதைத் தீர்க்காமல் வேலை நகரக் கூடாது. சந்தேகம் என்றால் பதில் எழுதினால் போதும். யோசனையை ஏற்கலாம், விடலாம். இந்தப் பிரிவு இல்லாத இடத்தில் நிறம் மாற்றச் சொன்னதும், வகுத்த எண் தப்பு என்றதும் ஒரே எடையோடு வந்து நிற்கும். ஐடியா கொண்டுவந்தவர் எளிதானதைச் செய்துவிட்டு ‘எல்லாம் சரிசெய்தாயிற்று’ என்பார்.

கருத்து என்றால், படித்தவர் எழுந்து போய் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டும். ‘டேட்டா நம்பகமானதா?’ என்பதால் ஒரு பயனும் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘தடை. ஷீட்டில் கொள்ளை வழக்குகள் என்ற பத்தி (நெடுவரிசை). ஒரே எஃப்ஐஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கடுமையான குற்றத்தை மட்டும்தான் எண்ணும். இங்கே காட்டியிருக்கும் கொள்ளை எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம். அறிக்கையின் முறையியல் பக்கத்தைப் பார்த்துச் செய்தியில் ஒரு வரி சேர்க்கவும்.’ எந்தப் பத்தி, என்ன கோளாறு, ஏன், என்ன செய்ய வேண்டும் என்று நான்கும் அதில் இருக்கின்றன. புதியவர்களுக்கு இந்த மாதிரியை அச்செடுத்துக் கொடுங்கள். கருத்துச் சொல்லத் தெரியாமல் இருப்பதற்குப் பல நேரம் கூச்சம் காரணமல்ல, எது கருத்து என்று யாரும் காட்டாததுதான் காரணம்.

எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் டேட்டாவை மட்டும், ஒருவர் களத்தில் இது உண்மையா என்பதை மட்டும், ஒருவர் வாசகருக்குப் புரியுமா என்பதை மட்டும் பார்க்கட்டும். மாதந்தோறும் பொறுப்பை மாற்றுங்கள்.

கேள்வி: எங்களில் சிலர் வெவ்வேறு பத்திரிகைகளில் வேலை செய்கிறோம், சிலர் ஃப்ரீலான்ஸ். ஐடியாவைக் கூட்டத்தில் போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இந்தப் பயம் நியாயமானது. பதிப்புரிமைச் சட்டம் எழுதிய எழுத்தைத்தான் காக்கும், ஐடியாவைக் காக்காது. ஆகவே முதல் கூட்டத்துக்கு முன்பே ஒரு பக்க உடன்படிக்கை எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஐடியா யார் பெயரில், எந்தத் தேதியில் பதிவானது, எத்தனை நாள் அவருக்கு முதல் உரிமை (அறுபது நாள் வைக்கலாம், அதற்குள் நகராவிட்டால் மற்றவர்கள் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்), குழுவாகச் சுத்தம் செய்த டேட்டா எல்லோருக்கும் பொது, பெயர் வரிசை, வெளியிடும் நாளும் நேரமும், துறை அதிகாரியிடம் குழு சார்பாக யார் பேசுவது, திருத்தம் வந்தால் எல்லாப் பத்திரிகையும் போட வேண்டும் என்பது. இவை எழுத்தில் இருக்கட்டும்.

உலகம் பார்த்த பெரிய கூட்டு வேலைகளில் ஒன்றான பனாமா ஆவணங்கள் (வெளிநாட்டு ரகசிய நிறுவனங்களைப் பற்றிக் கசிந்த கோப்புகள்) இப்படித்தான் நடந்தது. ஜெர்மனியின் ஸுட்டாய்ச்ச ஸைட்டுங் நாளிதழுக்குக் கிடைத்த 1.15 கோடி ஆவணங்களை, 2.6 டெராபைட் அளவில், புலனாய்வுப் பத்திரிகையாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஒருங்கிணைத்தது. 370க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் வேலை செய்தார்கள். கண்டுபிடித்ததைப் பகிர்ந்துகொள்வது, எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியிடுவது என்ற இரண்டு ஏற்பாடுகள் 2016 ஏப்ரல் 3 வரை அவர்களைக் கட்டி வைத்திருந்தன. இன்னொன்றும் கவனியுங்கள்: ஒரே டேட்டாவிலிருந்து ஒவ்வொரு நாட்டு நிருபரும் தம் நாட்டுச் செய்தியை எடுத்தார். நீங்களும் மாவட்டவாரியாகப் பிரித்துக்கொண்டால் போட்டிக்கான காரணமே பாதி போய்விடும்.

கேள்வி: ஆர்டிஐ போட்டுவிட்டுக் காத்திருந்தே எங்கள் வேலைகள் நின்றுபோகின்றன. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நாள்காட்டியைப் போட்டுப் பாருங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் முடிவுக்கு 30 முதல் 45 நாள். பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அங்கே எவ்வளவு நாள் ஆகும் என்று கணக்குப் போடவே முடியாது. ஆகவே ஆர்டிஐ பதிலை மட்டுமே நம்பும் ஐடியாவுக்கு ‘எடுக்கிறோம்’ என்ற முடிவைத் தராதீர்கள். மனுவைப் போடுங்கள், ஐடியாவைக் காத்திருப்புப் பட்டியலில் வையுங்கள், பதில் வந்த பிறகு கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மனுவையும் குழுவாகப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள். நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை, ‘கடந்த பத்து ஆண்டு விவரங்களைத் தொகுத்துத் தரவும்’ என்று கேட்பது. கையில் இல்லாத தகவலைப் புதிதாகத் தொகுத்துத் தரும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்தப் பதிவேடு, எந்த மாதாந்திர அறிக்கை என்று பெயர் சொல்லி அதன் நகலைக் கேளுங்கள். பதிவேட்டின் பெயர் தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) தரும் உரிமையின்படி நேரில் பார்வையிடக் கேட்கலாம். ஒரு முறை பார்த்துவிட்டால் அடுத்த மனு கச்சிதமாக அமையும். ஆட்களின் பெயர்ப் பட்டியல் கேட்டால் தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் பிரிவு 8(1)(ஜே)யைக் காட்டி மறுப்பார்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியை மேலும் குறுக்கிவிட்டது. வார்டுவாரி எண்ணிக்கை போதுமென்றால் அதையே கேளுங்கள்.

38 மாவட்டத்துக்கும் ஒரே மனுவை அனுப்புவதானால் ஐந்து மாவட்டத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். ஐந்தும் ஐந்து விதமாகப் பதில் வந்தால் கேள்வியின் வாசகத்தைத் திருத்திய பிறகு மற்ற 33க்கு அனுப்பலாம்.

கேள்வி: அரசு பிடிஎஃப்பிலிருந்து தமிழை காப்பி செய்தால் வெறும் குப்பை எழுத்தாக வருகிறது. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அந்தக் கோப்பு பெரும்பாலும் யூனிகோடில் (இன்றைய பொது எழுத்துக் குறியீட்டு முறை) இருக்காது, வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் அடித்ததாக இருக்கும். பிடிஎஃப்பின் பண்புகளில் எழுத்துருப் பெயரைப் பார்த்துவிட்டு அதற்குரிய மாற்றியில் போடுங்கள். ஸ்கேன் செய்த பக்கமென்றால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெஸராக்ட் மென்பொருள் தமிழைப் படிக்கும், ஆனால் கட்டங்களைக் குழப்பும். 3ஐ 8 என்று படிப்பதும் உண்டு. பத்தியின் கூட்டுத்தொகை மூலத்தில் உள்ள ‘மொத்தம்’ வரியோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் பெரும்பாலான பிழை சிக்கிவிடும். அதற்கு மேல் ஐம்பது வரியை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து இருவர் உட்கார்ந்து ஒப்பிடுங்கள்: ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் ஷீட்டைப் பார்க்க வேண்டும்.

ஊர்ப் பெயரை வைத்து இரண்டு அட்டவணையை இணைக்காதீர்கள். திருச்சி, திருச்சிராப்பள்ளி என்று ஒரே ஊர் இரண்டாக நிற்கும். ஒரே பெயரில் வேறு வேறு கிராமங்களும் உண்டு. பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கோவையில் (எல்ஜிடி) ஒவ்வொரு கிராமத்துக்கும் எண் இருக்கிறது. அந்த எண்ணை முதல் பத்தியாக வைத்துக்கொண்டு டேட்டாவைச் சுத்தம் செய்யும் ஓபன் ரிஃபைன் மென்பொருளில் ஒத்த பெயர்களைத் திரட்டிச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: வெளியிடுவதற்கு முன் கடைசிச் சரிபார்ப்பை யார் செய்வது? (வாசகி, சென்னை)

பதில்: டேட்டாவைத் தொட்டிராத ஒருவர். அவரிடம் மூலக் கோப்பையும் கேள்வியையும் மட்டும் கொடுங்கள். புரோகிராமையோ சூத்திரத்தையோ காட்டாதீர்கள். அவர் தம் வழியில் கணக்குப் போட்டு அதே விடைக்கு வர வேண்டும். வராவிட்டால் யார் சரி என்று வாதாடாமல் இருவரும் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு படியாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் காலியான கட்டத்தைச் சுழியமாக எண்ணியதிலோ, ‘மொத்தம்’ வரியையும் சேர்த்துக் கூட்டியதிலோ இருக்கும்.

கட்டுரையில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனி ஷீட்டில் ஒரு வரி வேண்டும்: எண், அது வரும் வாக்கியம், மூலக் கோப்பு, கட்டம், சரிபார்த்தவர் பெயர். தலைப்பிலும் வரைபடக் குறிப்பிலும் வரும் எண்களை மறந்துவிடாதீர்கள், கடைசி நேரத்தில் டெஸ்க்கில் மாறுபவை அவைதான். சம்பந்தப்பட்ட துறைக்கு எண்களோடு கேள்வி அனுப்பி, குறைந்தது மூன்று வேலை நாள் கொடுங்கள். ‘உங்கள் கணக்கு தவறு’ என்று பதில் வந்தால் எந்த வரி தவறு என்று திருப்பிக் கேளுங்கள். அவர்கள் காட்டும் வரி உண்மையிலேயே தவறாக இருந்தால் வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வரி வந்த வழியை மூலக் கோப்புவரை மறுபடி பாருங்கள். ஒரு வரியில் இருக்கும் பிழை அநேகமாக அந்தப் பத்தி முழுவதும் இருக்கும்.